‘எதுக்கும் இருக்கட்டும்’னு ஷேர் பண்றீங்களா? ஒரு நிமிஷம்!

2018 மே மாதம். சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர், உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினார். போளூர் பக்கம் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான், ‘பிள்ளை பிடிக்கிறவங்க’ என்று பேச்சு பரவியது. ஊரே திரண்டு தாக்கியதில் அவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள்.

இத்தனைக்கும் காரணம், அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்களில் சுற்றிய வாட்ஸ்அப் தகவல்கள். ‘குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது, உஷார்!’ என்று அனுப்பியவர்களில் பெரும்பாலானோர், பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பயந்த அம்மா, அப்பாக்களாகவே இருந்திருப்பார்கள்.

அப்போது பிளஸ் டூ முடித்திருந்த நானும் அதை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். எதுக்கும் இருக்கட்டுமே என்றுதான்!

வெட்டப்பட்ட கடைசிக் காட்சி

அந்த ஆண்டு இந்தியா முழுக்கப் பரவிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது, பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப்படத்தில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட, விழிப்புணர்வு வதந்தியாகிவிட்டது.

உயிர்ப்பலிகள் தொடர்ந்த பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது வாட்ஸ்அப். ஆனால், 5 குரூப்பே ஓர் ஊரைக் கலங்கடிக்கப் போதுமே!

உண்மையாகவே இருந்தாலும்...

தகவல் உண்மை என்பதாலேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. ‘நீதி வேண்டும்’ என்ற பதிவில் அந்தக் குழந்தையின் படத்தைப் போட்டால், அதுவும் அவளுக்குச் செய்யும் இன்னோர் அநீதிதான்.

பகிர்வதற்கு முன்...

* எந்த ஊர், எந்தத் தேதி என்று இல்லாத எச்சரிக்கையை அனுப்பாதீர்கள்.
* குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால், ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன் 1098-க்கு போன் செய்யுங்கள்.
* தவறாகப் பகிர்ந்துவிட்டால், சத்தமில்லாமல் டெலிட் செய்வதோடு நிற்காதீர்கள். எந்த குரூப்பில் போட்டீர்களோ, அங்கேயே ‘அது பொய்’ என்று எழுதுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நானே இன்றுவரை செய்யவில்லை. எங்கள் குடும்ப குரூப் இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் லிங்க்கை முதலில் அங்கேதான் போடப்போகிறேன்.