12 ஆண்டுகள் தலைக்கவசத்தோடு விளையாடிய கோல்கீப்பர்... பீட்டர் செக்கிற்கு என்ன நடந்தது?

கால்பந்தில் தலைக்கவசம் என்றாலே ரசிகர்களுக்கு சட்டென ஞாபகம் வருபவர் செக் குடியரசின் கோல்கீப்பர் பீட்டர் செக். பெரும்பாலான வீரர்கள் போடாத கவசத்தை அவர் ஏன் போட்டார்? பார்க்கலாம்.

யார் இந்த பீட்டர் செக்?

1982-ல் பில்சன் நகரில் பிறந்தவர். ஸ்பார்டா பிராக், பிரான்ஸின் ரென் அணிகளில் விளையாடிவிட்டு 2004-ல் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு வந்தார். முதல் சீசனே மிரட்டல்! 38 லீக் போட்டிகளில் செல்சி வாங்கிய கோல்கள் வெறும் 15. கோப்பையும் கைக்கு வந்தது.

2006 அக்டோபர் 14-ல் என்ன ஆச்சு?

ரெடிங் அணியுடன் போட்டி. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் பாய்ந்து பந்தைப் பிடிக்கப் போனார் செக். ஓடி வந்த ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது. மண்டை ஓடு உடைந்து உள்பக்கமாக அழுந்திவிட்டது. ஆக்ஸ்போர்டில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது.

அதோடு முடியவில்லை. செக்கிற்குப் பதில் இறங்கிய கார்லோ குடிச்சினியும் அதே போட்டியில் மோதி மயங்கி விழுந்தார். கடைசியில் தடுப்பாட்டக்காரர் ஜான் டெர்ரிதான் கோல்கீப்பர் ஜெர்சியை மாட்டிக்கொண்டு நின்றார்.

கோல்கீப்பருக்கு மட்டும் ஏன் இந்த ஆபத்து?

மற்றவர்கள் காலை நீட்டும் இடத்தில் கோல்கீப்பர் தலையைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையும் பந்தின் மேல் இருக்கும், கண்ணும் பந்தின் மேலேயே இருக்கும். முகத்தை மறைத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. பயந்து அரை நொடி தயங்கினால் கோல்! அதனால்தான், எலும்பு கூடிய பிறகும் செக்கால் பழைய மாதிரி பாய முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

மூன்றே மாதத்தில் 2007 ஜனவரி 20-ல் லிவர்பூலுக்கு எதிராகக் களமிறங்கினார். தலையில் ரக்பி வீரர்கள் போடுவது போன்ற மெத்தென்ற கவசம். அன்று செல்சி 0-2 எனத் தோற்றது. ஆனா செக் பந்துக்குப் பாய்வதை விடவில்லை. ஓய்வு பெறும் வரை கவசத்தையும் விடவில்லை.

கவசம் போட்டால் ஆபத்து இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து விழும் அடியின் வேகத்தைக் கவசம் ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஆனா மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. அதனால்தான் தலையில் அடிபட்ட வீரரை உடனே வெளியே எடுக்க, கூடுதல் மாற்று வீரரை அனுமதிக்கும் முறை பிரீமியர் லீக்கில் 2021-ல் வந்தது. செக் அடிபட்டபோது இந்த வசதி கிடையாது.

திரும்பி வந்து என்ன சாதித்தார்?

2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. எதிரணி பேயர்ன் மியூனிக், மைதானமும் அவர்களுடையதே. கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியைப் பிடித்தார் செக். பிறகு ஷூட்அவுட்டில் ஒலிச் அடித்ததைத் தடுத்தார். ஸ்வைன்ஸ்டைகர் அடித்த பந்தோ செக்கின் விரலில் பட்டு கம்பத்தில் மோதியது. பேயர்ன் வீரர்களின் பழைய பெனால்டி வீடியோக்களை முன்கூட்டியே பார்த்துப் படித்திருந்த அவர், ராபன் அடித்ததையும் சேர்த்து 6 முறையும் சரியான பக்கமே பாய்ந்தார். செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை!

2015-ல் ஆர்சனலுக்கு மாறி, 2019-ல் 37 வயதில் ஓய்வு பெற்றார். பிரீமியர் லீக்கில் கோல் வாங்காமல் முடித்த போட்டிகள் 202. வேறு எந்த கோல்கீப்பரும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நாட்டுக்காக 124 போட்டிகள். இதில் பெரும்பாலானவை அந்த விபத்துக்குப் பிறகு ஆடியவை.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அதே 2019-ல் கில்ட்ஃபோர்டு ஃபீனிக்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியில் சேர்ந்தார். அங்கேயும் அவருக்கு கோல்கீப்பர் வேலைதான். ஆனா ஐஸ் ஹாக்கியில் எல்லோருக்குமே ஹெல்மெட் உண்டு.