பவளம் வெளுத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சித்திரை வெயிலில் சோமனூர்ப் பக்கம் கரண்ட் போனால் தறிச் சத்தம் ஓய்வதுதான் முதலில் தெரியும். அதே நேரத்தில் ஏதோ ஒரு வீட்டில் கடல்நீர்த் தொட்டியின் மோட்டாரும் குளிரூட்டும் மெஷினும் நின்றிருக்கும். சிறிய தொட்டியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நீரின் சூடு 26 டிகிரியிலிருந்து 30-ஐத் தாண்டிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பவளம் வெளிறத் தொடங்கும்போது அந்த மதியம் யாருக்கும் நினைவிருக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றுதான் பேச்சு தொடங்கும்.

நவரத்தினத்தில் சேரும் சிவப்புப் பவளத்துக்கு நிறம் அதன் எலும்புக்கூட்டிலேயே ஊறியிருக்கிறது. பாறை கட்டும் பவளம் அப்படியல்ல. அது ஒரு விலங்கு. அதன் சதை ஏறத்தாழ நிறமற்றது. அந்தச் சதைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சமும் அதற்கு மேலுமாக நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பழுப்பும் தங்கநிறமும் அவை தருபவை. வெளிச்சத்தில் அவை சமைக்கும் சர்க்கரையில்தான் பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி கிடைக்கிறது; சில இனங்களில் 90 விழுக்காடு வரை. சூடும் வெளிச்சமும் அளவு மீறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, சதையைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் கசிகின்றன. பவளம் பாசிகளை வெளியே தள்ளுகிறது. அப்போது சதை வழியே அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது.

ஆகவே வெளுத்த பவளம் உயிரோடு இருக்கலாம். நோயறிதல் தொடங்க வேண்டிய இடம் இதுதான்: சதை இருக்கிறதா, போய்விட்டதா?

ஒரு டார்ச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், வெளுத்த பவளத்தின் மேல் மெல்லிய ஈரத் தோல் மினுங்கும்; ஒவ்வொரு குழிக்குள்ளும் குட்டிக் கைகள் அசையும், உணவு பட்டால் சுருங்கும். சதை போன இடத்தில் குழிகளின் விளிம்பு கூர்மையாக, காய்ந்த சுண்ணாம்பாகத் தெரியும். சில நாளில் அங்கே பச்சைப் பாசி படரும். அடியிலிருந்து மேல் நோக்கிச் சதை உரிந்துகொண்டே போனால், அது வெளுப்பே அல்ல, திசு அழிவு; மணிக்கணக்கில் பரவக்கூடியது. அப்போது நல்ல கிளையை வெட்டித் தனியே காப்பாற்றுவதே வழி. வெளுப்பில் அந்த அவசரம் ஆகாது.

மென்பவளங்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. தோல் போன்ற காளான் வடிவ மென்பவளம் அவ்வப்போது கைகளை உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோல மங்கிச் சில நாள் கிடக்கும். பிறகு அந்தப் படலம் உரிந்து பழைய நிறத்தோடு விரியும். இதை நோயென்று நினைத்து மருந்து ஊற்றியே கெடுப்பவர்கள் உண்டு.

சதை இருக்கிறது என்று உறுதியானால், கடந்த இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியில் என்ன மாறியது என்று துருவ வேண்டும். புதிய எல்இடி விளக்கு மாட்டியிருந்தால் சந்தேகம் அங்கே போகட்டும். விளக்குக்கு நேரே உள்ள மேல்பகுதி மட்டும் வெளுத்து, நிழல் விழும் அடிப்பகுதி நிறத்தோடு இருந்தால் அது கிட்டத்தட்ட உறுதி. கோடையில் ஆவியாதல் கூடுதல். நூறு லிட்டர் தொட்டியில் ஐந்து லிட்டர் ஆவியானாலே உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 37-ஐ நெருங்கிவிடும். குறைந்ததை உப்பு கலக்காத ஆர்ஓ நீரால் நிரப்ப வேண்டும், கடல்நீரால் அல்ல. மீனுக்கு வெள்ளைப்புள்ளி மருந்து ஊற்றினீர்களா என்பதும் முக்கியமான கேள்வி. அந்த மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். மீன் தாங்கும் அளவைக்கூடப் பவளம் தாங்காது.

அளவுக்கு மீறிய சுத்தமும் வெளுக்க வைக்கும். பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதைச் சாதனையாக நினைக்கிறார்கள். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் தீர்ந்துபோனால், சூடும் வெளிச்சமும் பவளத்தை எளிதில் வெளுக்கச் செய்யும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே காட்டினார்கள். வெளுக்கும் சில பவளங்கள் திடீரென நீலமும் இளஞ்சிவப்புமாகப் பளிச்சிடுவது ஏன் என்பதையும் அவர்கள் 2020-ல் விளக்கினார்கள்: பாசி போனதும் உள்ளே பாயும் வெளிச்சத்தைத் தடுக்கப் பவளமே நிறமிகளைச் சுரக்கிறது. தொட்டியில் அப்படி நடந்தால் அழகு கூடிவிட்டதென்று மகிழ வேண்டாம்.

இதே சோதனை தமிழகக் கடலில் பெரிய அளவில் நடக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ள மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுக்கணக்காக மூழ்கிப் பார்த்து எது வெளுத்தது, எது செத்தது என்று தனித்தனியே கணக்கெடுக்கிறார்கள். 2016 கோடையில் அங்கே உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு விழுந்தது. வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் அதிகம் செத்தன. உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டிஸ் வகை பெரும்பாலும் தேறியது. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும். கடலுக்குக் குளிரூட்டி வைக்க முடியாது. 2024 ஏப்ரலில், உலகம் முழுதும் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது.

சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்த கடல் மன்னார் வளைகுடா. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 2001-ல் கல்பவளங்கள், கடல்விசிறிகள், கரும்பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. நம் கடலிலிருந்து எடுத்த கல்பவளத்தை வீட்டில் வைப்பது குற்றம். அட்டவணையில் இல்லாத மென்பவளம் என்று கடைக்காரர் சொன்னாலும், இனத்தின் பெயரையும் ரசீதையும் கேட்டு வாங்குவதே முறை. வாங்கியதைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். கொத்துக்கொத்தாகப் பொத்தான் பூப்போல இருக்கும் சோவாந்திட் வகையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது ஒட்டிய கல்லில் வெந்நீர் ஊற்றவே கூடாது. சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு மூச்சில் கலந்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

காரணம் தெரிந்த பிறகும் திருத்தம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். சூட்டை ஒரே மூச்சில் இறக்க ஐஸ் கட்டியைக் கொட்டினால் அது இரண்டாவது அடி. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி, உப்பு ஓரலகு என்று இறக்கலாம். விளக்கின் அளவைப் பாதியாக்கி, நீரோட்டத்தையும் காற்றையும் கூட்டி, கைகள் விரியும் நேரத்தில் நுண்ணிய உணவு கொஞ்சம் கொடுக்கலாம். பாசி இல்லாத பவளம் பட்டினி கிடக்கிறது. தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், நிழல் விழும் இடுக்குகளில் பழுப்பு திரும்புவது கண்ணுக்குப் படும். அதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை விளக்கைப் பழைய அளவுக்குக் கூட்டக் கூடாது.