காசா, காதா?

"சத்தம் கேக்குது, பேச்சுதான் மனசிலாவல்ல." கேரளத்தின் தமிழக எல்லையிலுள்ள செங்கல், பாறசாலைப் பக்கத்து முதியவர்கள் காதுக்குறையை இப்படித்தான் சொல்வார்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சு விளங்குவது வேறு. சோதனைகளும் இவற்றைத் தனித்தனியாகவே அளக்கின்றன. 1997இல் தொடங்கி, இன்று திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் பேச்சு, செவித்திறனுக்கான 'நிஷ்' போன்ற நிறுவனங்களில் இதற்கென்றே ஒலி புகாத அறைகள் உண்டு.

முதல் சோதனைக்கு மொழி வேண்டாம். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைத் தருவார்கள். 'பீப்' ஒலி லேசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். அழுத்தினால் 10 டெசிபல் இறக்குவார்கள். பேசாமல் இருந்தால் 5 ஏற்றுவார்கள். இப்படி ஏறியிறங்கி, பாதி முறையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைப் பிடிப்பார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இதே கதைதான். 0 டெசிபல் என்றால் நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளைஞர்களின் சராசரி அது. அதற்கும் கீழே கேட்கும் பாம்புக்காதுக்காரர்களும் உண்டு.

வரைபடத்தில் வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே போகப்போகக் குறை அதிகம். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தால் அது பெரும்பாலும் இரைச்சலின் வேலை; "செண்டையா, மில் வேலையா?" என்று கேட்கத் தோன்றும். பிறகு காதின் பின்னெலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டால், அழுக்கோ சீழோ செவிப்பறை ஓட்டையோ வழியை மறிக்கிறது என்று பொருள். அதுவும் கேட்காவிட்டால் கோளாறு உட்காதில் அல்லது நரம்பில்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் டெசிபல் கணக்கில்தான் பேசுகிறது: பேச்சு அலைவரிசைகளில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர்.

ஆனால் நம் முதியவரின் புகார் வேறு. வயதானால் முதலில் போவது கீச்சொலி. 'ஆ', 'ஊ' தணிந்த ஒலிகள், அவை தப்பிவிடும். 'ஸ' போன்ற மெல்லிய காற்றொலிகள் கரைந்துவிடும். பேரன் காசு கேட்டால் தாத்தா காதைத் தடவுவார்.

இதை அளக்கத்தான் சொற்பட்டியல். சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு எத்தனை சரி என்பதே மதிப்பெண். கேரளத்தில் பட்டியல் இயல்பாகவே மலையாளம். வீட்டில் தமிழ் பேசும் எல்லைக்காரர் 'மழ' என்று கேட்டு 'மழை' என்று சொன்னால் சரியா, தவறா? காதில் பழுதில்லை, நாக்கு வேறு மொழியில் வளர்ந்தது, அவ்வளவுதான். விஷயம் தெரிந்த பரிசோதகர் ஹெட்போனை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவார்: "வீட்ல எந்தப் பேச்சு?"