‘தாழ்வு’ என்றால் ஆபத்து குறைவு என்பதன்று!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மஃரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நம் கடற்கரை மக்களின் செவிகள் வானிலைச் செய்தியையே நாடுகின்றன. நாகூர், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம் என எங்கு சென்றாலும் இதே நிலைதான். எனினும் அச்செய்தியின் சொற்களை நாம் சரியாக விளங்கிக்கொள்கிறோமா? “காற்றழுத்தத் தாழ்வுதானே, புயல் இல்லையே!” என்று கூறிவிட்டு வலையுடன் புறப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே தாழ்வது காற்றின் அழுத்தமே, ஆபத்து அன்று. வானிலை வரைபடத்தில் வளைந்து செல்லும் கோடுகள், ஒரே அளவு அழுத்தமுள்ள இடங்களை இணைப்பவை. கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். கோடுகள் விலகி நின்றால் மென்காற்று. நெருங்கி நின்றால் பலத்த காற்று. அவை வட்டங்களாக மூடி, உள்ளே செல்லச் செல்ல எண் குறைந்தால் நடுவே இருப்பது தாழ்வின் மையம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்று அம்மையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் நம் இடப்புறத்தில் இருக்கும். கருவி ஏதுமின்றி அறியும் வழி இது.

பெயர்கள் காற்றின் வேகத்தைப் பொறுத்தவை. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைந்தால் தாழ்வுப் பகுதி; 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம்; 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 62ஐத் தொட்டால் புயல்; 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். ‘பகுதி’ என்பது ‘மண்டலம்’ ஆவதை வீட்டில் எவரும் கவனிப்பதில்லை. படகைக் கரையேற்ற வேண்டிய வேளையோ அதுதான்! ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்கல் என்று கற்றவர்கள் அல்லவா நாம்?

இன்னொன்று: இப்பெயர்கள் காற்றை அளக்கின்றன, மழையை அன்று. 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையை மூழ்கடித்த பெருமழை புயல் எதுவுமின்றியே பெய்தது. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 10 லிட்டர் நீர். 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. நூறு சதுர மீட்டர் மாடியில் அது 20,000 லிட்டருக்கும் மேல்.

‘கரையைக் கடந்தது’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடந்த பின்னரும் உள்நாட்டில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கடும் புயலின் ‘கண்’ ஓர் ஊரின்மீது செல்லும்போது காற்று திடீரென அடங்கிவிடும். புயல் ஓய்ந்தது என எண்ணி, பறந்த ஓட்டைத் தேடி வெளியே வருவோர் உண்டு. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் காற்று மீண்டும் வீசும்.

துறைமுகக் கூண்டுகளைக் குறித்தும் தவறான எண்ணம் உண்டு. எண் 1 ஏற்றப்பட்டால் தாழ்வு தொலைவில் உள்ளது. துறைமுகத்துக்கு இன்னும் ஆபத்தில்லை. 8, 9, 10 ஆகியவை பேராபத்தைக் குறிப்பவை. அப்படியானால் 11 அதனினும் பெரிய புயலா? அன்று! எச்சரிக்கை மையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்.