பழைய ஸ்பீக்கரைப் பங்கார்வாலாவுக்குப் போடும் முன்...

"தம்பி, உங்க அண்ணனோட ரெண்டு பெட்டியையும் பங்கார்வாலாகிட்டப் போட்டுடலாம்னு இருக்கேன். வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க" என்று டோம்பிவிலியிலிருந்து அண்ணி போன் செய்தார்கள். சென்ற ஆண்டு மழைக்காலம் அது.

என் அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தபோது 1982-ல் வாங்கி, கப்பலில் அனுப்பிய அமெரிக்க ஸ்பீக்கர்கள் அவை. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றில் கச்சேரி ரெக்கார்டு வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன.

போனவுடன் ஒரு ரெக்கார்டைப் போட்டுக் கேட்டேன். பாட்டும் வயலினும் பரவாயில்லை. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்று விழும் இடமெல்லாம் 'பர்ர்' என்று காகிதம் கிழிவதுபோல் சத்தம். லாமிங்டன் ரோடிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், "ஊஃபர் செத்துப்போச்சு, வேறு ஊஃபர் போடணும்" என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் அண்ணிக்குப் பங்கார்வாலா நினைவு.

முன்பக்கத் துணியைக் கழற்றினேன். 12 அங்குலக் கோன் அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் மட்டும் கருகிய அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஊஃபர் சாகவில்லை, அதன் ஓரம்தான் செத்திருந்தது.

நம் அன்பர்கள் பல பேர் வீட்டில் இதே கதை இருக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஃபோம் ஏன் உதிர்கிறது?

ஸ்பீக்கரின் உள்ளே ஒரு வட்டக் காந்தம். அதன் நடுவே மெல்லிய இடைவெளியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள்; இதை வாய்ஸ் காயில் என்கிறோம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்சாரம் வர வர, சுருள் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது. அதுதான் நம் காதில் விழும் ஒலி.

சுருள் இப்படி ஓடும்போது பக்கவாட்டில் சாயக்கூடாது. அதற்காக இரண்டு இடத்தில் பிடிமானம் வைத்திருக்கிறார்கள். கோனின் அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு துணித் தட்டு, அது ஸ்பைடர். மேலே, கோனின் விளிம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம்; இதை நம் மெக்கானிக்குகள் 'எட்ஜ்' என்பார்கள். ரயில் பெட்டிக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்குகளைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனால் வண்டி ஓடும். ஆனால் ஆடிக்கொண்டு ஓடும்.

1970, 80-களில் நல்ல ஸ்பீக்கர்கள் பலவற்றில் இந்த எட்ஜைப் பாலியூரித்தேன் ஃபோமில் செய்தார்கள். எடை குறைவு, நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் காற்றின் ஈரமும் வெளிச்சமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் அது தாங்குவது அபூர்வம். மும்பை மழையைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்பீக்கரைப் பாட வைத்தாலும் உதிரும், போர்த்தி மூடி வைத்தாலும் உதிரும். மருந்து பூசிய துணியிலோ ரப்பரிலோ செய்த எட்ஜ் இதைவிட நெடுநாள் உழைக்கும்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரப்பர் சாமான் எதையும் தேதி பார்க்காமல் பொருத்த மாட்டோம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஃபோமுக்கும் அதே நியாயம்தான்.

வேறு ஊஃபர் ஏன் கூடாது?

1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஒரு புதுமை செய்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். கோனின் சொந்தப் பிடிமானத்தை மிகத் தளர்வாக வைத்தார். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான நாதம் வந்தது. அவருடைய ஏஆர்-1 ஸ்பீக்கருக்குப் பிறகு பலரும் இந்த வழியைப் பின்பற்றினார்கள். அண்ணனின் பெட்டிகளும் இந்த ரகம்தான்.

இதில் விறைப்பான எட்ஜ் உள்ள வேறு ஊஃபரைப் போட்டால், அளவு 12 அங்குலமாகவே இருந்தாலும், அடிநாதம் வராது. பெட்டி, ஊஃபர், உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் மூன்றும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. ஆகவே எட்ஜை மட்டும் மாற்றுவதே சரி.

செய்முறை

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைக் கழற்றி மல்ட்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6 முதல் 7 வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அது ரீகோனிங் கடைக்காரர் வேலை. மீட்டர் இல்லாதவர்கள் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். கோன் 'டப்'பென்று அசையும்.

ஸ்குரூக்களைக் கழற்றும்போது கவனம் தேவை. காந்தம் ஸ்குரூ டிரைவரை இழுத்துக் கோனில் குத்திவிடும். எந்த ஒயர் எந்த முனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புது எட்ஜ் வாங்க '12 அங்குலம்' என்று சொன்னால் போதாது. கோனின் விட்டம், சட்டத்தில் எட்ஜ் ஒட்டும் இடத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள்.

பழைய ஃபோமையும் பசையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். இதில் அவசரம் காட்டினால் பிறகு ஒட்டாது. உதிரும் துகள் காந்த இடைவெளியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதக் கோனுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக் கோனுக்கு அது பிடிக்காது. ரப்பர் ரகப் பசை வேண்டும். நொடியில் ஒட்டும் பசை எதற்குமே கூடாது. முதலில் எட்ஜைக் கோனோடு ஒட்டி ஒரு ராத்திரி காயவிடுங்கள். சட்டத்தோடு ஒட்டுவது மறுநாள்.

அந்த மறுநாள் வேலையில்தான் உயிரே இருக்கிறது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே பல ஸ்பீக்கர்களில் அரை மில்லிமீட்டர்கூட இடம் இருக்காது. ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் காயில் உரசும். முப்பத்தைந்து வருட சர்வீஸ் என்ற தைரியத்தில் முதல் ஸ்பீக்கரை நான் கண்ணளவாக ஒட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தால் 'சரக்' என்றது! பசை இறுகவில்லையோ பிழைத்தேன். ஈரத் துணியால் துடைத்து எட்ஜைப் பிரித்தெடுத்தேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். கோனின் நடுவிலுள்ள குமிழ் மூடியைப் பிளேடால் மெதுவாக அறுத்து எடுத்தேன். பழைய எக்ஸ்ரே பிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டி, காயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே நான்கு பக்கமும் செருகினேன். கோன் தானாக நடுவில் நின்றது. பிறகு சட்டத்தில் பசை தடவி, எட்ஜை அழுத்தி, துணி உலர்த்தும் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டினேன். மறுநாள் பட்டைகளை உருவிவிட்டு, கோனை விரல்களால் சமமாக அழுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை. குமிழை மறுபடி ஒட்டிவிட்டேன்.

ஒரு பக்கம்தான் கிழிந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே எட்ஜாக இருந்தால்தான் ஒரே மாதிரி ஒலிக்கும்.

எனக்கு ஆன செலவு இரண்டுக்கும் சேர்த்து 1,100 ரூபாய், நான்கு நாள் பொழுது.

ஞாயிற்றுக்கிழமை அதே ரெக்கார்டைப் போட்டேன். தொப்பியின் கும்கி தரையிலிருந்து எழுந்து வந்ததுபோல் கேட்டது. அண்ணி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார்கள். "இந்த எடத்துலதான் உங்க அண்ணன் தொடையில தாளம் போடுவார்" என்றார்கள். தனி ஆவர்த்தனம் முடிகிறவரை அங்கிருந்து நகரவில்லை. பங்கார்வாலா பேச்சு அத்தோடு நின்றது.

உங்கள் வீட்டிலும் பழைய ஸ்பீக்கர் 'பர்ர்' என்றால், முதலில் துணியைக் கழற்றி ஓரத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலையில் சங்க நூலகத்துக்கு வாருங்கள்; நான் அங்கேதான் இருப்பேன். பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.