மேலெழும் நகரங்கள் – 7: பிரீமியம் கட்டிய கோபுரமும் இ.எம்.ஐ. கட்டும் கோபுரமும்

வானளாவிய கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் எஃகு, கான்கிரீட், லிஃப்ட் ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. இவை இல்லாமல் இன்றைய உயரங்கள் சாத்தியமாகியிருக்காது என்பது உண்மையே. ஆயினும் இம்மூன்றும் எல்லா நாடுகளுக்கும் எட்டிய பிறகும் ஒரு நகரம் உயர்ந்து இன்னொன்று தாழ்ந்தே கிடந்ததற்கும், ஒரே நகரத்தில் ஒரு காலத்தில் அலுவலகங்களும் மற்றொரு காலத்தில் குடியிருப்புகளும் எழுந்ததற்கும் காரணத்தைப் பணத்தின் தன்மையில்தான் தேட வேண்டியிருக்கிறது. கட்டுகிற பணம் யாருடையது, அது எத்தனை ஆண்டு காத்திருக்கும், கட்டி முடித்த பின் கட்டடத்தின் பொறுப்பு யார் தலையில் விழும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடை மாறும்போது கட்டடத்தின் இயல்பும் மாறிவிடுகிறது.

சென்ற பகுதியில் கண்ட நைரோபியின் அப்பர் ஹில் இதற்குத் தெளிவான சான்று. ஒரு காலத்தில் ரயில்வே அதிகாரிகளின் தனி வீடுகள் இருந்த அந்த மேட்டில் 2016-ல் திறக்கப்பட்ட 33 மாடி யு.ஏ.பி. ஓல்டு மியூச்சுவல் கோபுரமும், அதற்கடுத்த ஆண்டு நிறைவடைந்த 200 மீட்டர் உயர பிரிட்டாம் கோபுரமும் காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பியவை. உலகின் முதல் வானளாவி என்று பலரும் ஏற்கிற, வில்லியம் லெ பேரன் ஜென்னி வடிவமைத்து 1885-ல் சிகாகோவில் எழுந்த 10 மாடிக் கட்டடமும் ஹோம் இன்ஷூரன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தினுடையதுதான். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் இன்றைக்கு வந்து சேர்கிறது, இழப்பீடோ பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே போகிறது. இடைப்பட்ட காலத்தில் அப்பணத்தைப் பத்திரமாக, வாடகை வருமானம் தரும் சொத்தாக வைத்திருக்க வேண்டிய தேவை அதற்கு உண்டு. தவிர, முப்பது ஆண்டுகள் கழித்துப் பணம் தருவதாக வாக்களிக்கும் நிறுவனம் அதுவரை நிலைத்திருக்கும் என்று மக்களை நம்பவைப்பதற்கு, நகரின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிற ஒரு கட்டடத்தைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

சென்னையின் முதல் உயர் கட்டடமும் இதே வழியில் பிறந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தமது யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக மவுண்ட் ரோட்டில் 18 மாடிக் கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டார். லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற கட்டடக்கலைஞர்கள் அதை வடிவமைத்தனர். 1954-ல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியார் இறந்தார்; 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, அவருடைய நிறுவனம் உள்ளிட்ட 245 நிறுவனங்கள் எல்.ஐ.சி.யுடன் இணைக்கப்பட்டபோது பாதியில் நின்ற கட்டடமும் அதனுடன் சேர்ந்தது. கட்டடக்கலைஞர் எல்.எம். சித்தாலேயின் மேற்பார்வையில், மாடிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, 177 அடி உயரத்தில் நிறைவடைந்த அக்கட்டடம் 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதுதான் உயரமானது. 1975-ல் பெரும் தீ விபத்துக்கு உள்ளான பிறகும் அது சீரமைக்கப்பட்டு, அதே உரிமையாளரின் பராமரிப்பில் இன்றும் பயன்பாட்டில் இருப்பது கவனத்துக்குரியது. கட்டியவரே குடியிருந்து, குடியிருப்பவரே பழுதுபார்த்து வந்ததால் அதன் ஆயுளைப் பற்றிய அக்கறை ஓரிடத்தில் தங்கியிருந்தது.

அடுத்த தலைமுறைக் கோபுரங்கள் எழும் இடங்கள் வேறு. பெரம்பூரில் பழைய பின்னி ஆலை இருந்த நிலத்திலும், பழைய மகாபலிபுரம் சாலையிலும் 40 மாடி அளவுக்குக் குடியிருப்புகள் உயர்ந்துவிட்டன. மேற்கே அந்த அலை மவுண்ட் – பூந்தமல்லி சாலையைப் பற்றிக்கொண்டு குமணன்சாவடியை எட்டியிருக்கிறது. மாங்காடு, குன்றத்தூர் பக்கம் போகும் சாலை பிரிகிற இடமாகவும், பூந்தமல்லிக்குச் சற்று முந்தைய பேருந்து நிறுத்தமாகவும் நெடுங்காலம் அறியப்பட்ட இவ்வூரின் நிலமதிப்பை இரண்டு மாற்றங்கள் உயர்த்தின. ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த 1990-களின் இறுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் தொழில்மயமானது. மற்றொன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை சுமார் 26 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் நான்காம் வழித்தடம். மொத்தம் 118.9 கிலோமீட்டர் கொண்ட இரண்டாம் கட்டத் திட்டத்தின் ஒரு பகுதியான இத்தடத்தில், காட்டுப்பாக்கத்துக்கும் கரையான்சாவடிக்கும் இடையே குமணன்சாவடிக்கென்று ஒரு மேல்தள நிலையம் உண்டு. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே 2025 மார்ச்சில் ஓட்டுநரில்லா ரயில் சோதனை ஓட்டம் நடப்பதற்கு நெடுநாள் முன்பே, மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம் என்ற வாசகம் வீட்டுமனை விளம்பரங்களில் இடம்பிடித்துவிட்டது.

இப்பகுதியின் தெருக்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விநோதம் தென்படும்: கட்டடங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றுவிடுகின்றன, அதைத் தாண்டுகிற சில மட்டும் ஒரேயடியாகப் பல மாடிகள் மேலே போய்விடுகின்றன. இதற்குக் காரணம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அவ்விதிகளின்படி 18.30 மீட்டர், அதாவது 60 அடி வரை உள்ளது சாதாரணக் கட்டடம். கீழே வண்டி நிறுத்தத் தூண்களும் மேலே ஐந்து தளங்களும் கொண்டு, கட்டுமானத் தொழிலில் ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் என்று சொல்லப்படும் வகை இந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தளம் கூடினாலும் அது உயர்மாடிக் கட்டடம் என்ற வேறொரு வகைக்குப் போய்விடும். அப்போது தீயணைப்பு வண்டி சுற்றிவர வசதியாக நாற்புறமும் குறைந்தது 7 மீட்டர் திறந்தவெளி விட வேண்டும், அகலமான சாலை வேண்டும், தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் துறை, விமான நிலைய ஆணையம் ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும் வேண்டும். இவ்வளவு செலவையும் காலத்தையும் ஆறாவது தளம் ஒன்றுக்காக யாரும் ஏற்பதில்லை. ஏற்றால் இருபது மாடியாவது கட்டினால்தான் கணக்குச் சரிவரும்.

இந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்பதை அது குறிக்கிறது. குறியீடு 2 என்றால் 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 4,800 சதுர அடி கட்டலாம். சாதாரணக் கட்டடங்களுக்கு 2 ஆக உள்ள இக்குறியீடு, 18 மீட்டர் அகலச் சாலையை ஒட்டிய உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 ஆகிறது; அரசுக்குக் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் 50 விழுக்காடு வரை கூடுதலாகக் கட்டலாம் என்பதை பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்கிறார்கள். வாங்குபவர் பக்கத்தில் இதன் விளைவு யு.டி.எஸ்., அதாவது மனையில் அவருக்குரிய பிரிபடாத பாகத்தில் தெரியும். 1,000 சதுர அடி வீட்டுக்கு, குறியீடு 2 ஆக இருக்கையில் ஏறத்தாழ 500 சதுர அடி நிலம் பங்காகக் கிடைக்கும், 3.25 ஆகும்போது அது சுமார் 308 சதுர அடியாகவும், பிரீமியமும் முழுமையாகப் பயன்படுத்தப்பட்டால் சுமார் 205 சதுர அடியாகவும் சுருங்கும். கட்டடம் தேய, நிலம் மதிப்பேறும் என்பது சொத்து உலகின் பொது விதியாகையால், ஒவ்வொரு மாடி கூடும்போதும் வாங்குபவர் கையில் மிஞ்சுவது தேய்கிற பாகமே அதிகம்.

உயரத்துக்கு மேலிருந்தும் ஒரு வரம்பு உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு இந்திய விமான நிலைய ஆணையம் வண்ண வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது; அதிலுள்ள அளவு தரையிலிருந்து கணக்கிடப்படாமல் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், ஒரே வண்ணப் பகுதிக்குள் மேட்டு மனைக்கு மாடிகள் குறையும், பள்ளத்து மனைக்குக் கூடும். ஏரிகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் பள்ளம் என்பது பெரும்பாலும் தண்ணீர் தேடிவரும் இடம் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுப் பணத்துக்கும் குடியிருப்புப் பணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் முக்கியமாகிறது. குமணன்சாவடியில் எழும் குடியிருப்பு, வீடு வாங்குவோரின் முன்பணத்தாலும், அவர்கள் வங்கியில் பெற்று இருபது ஆண்டுகள் மாதத் தவணையாக அடைக்கப்போகும் கடனாலும் எழுகிறது. கட்டுநருக்கு விரைவு தேவை, ஏனெனில் தளம் உயர உயரத்தான் அடுத்த தவணை கைக்கு வரும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்று வகுத்தது, ஒரு திட்டத்தின் பணம் இன்னொரு திட்டத்தின் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த வழக்கத்தைத் தடுப்பதற்காகவே.

அச்சட்டத்துக்கு முன்பு விரைவு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு, 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகத்தின் பிற மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. அதே 2016-ன் ஏப்ரல் இறுதியில் நைரோபியின் ஹுருமா பகுதியில் ஆற்றோரம் அனுமதியின்றி எழுந்திருந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று மழையில் சரிந்து சுமார் 50 பேர் உயிரிழந்தனர். அப்பர் ஹில்லின் காப்பீட்டுக் கோபுரங்கள் எழுந்த அதே காலத்தில், அதே நகரத்தில் இது நடந்தது. ஆகவே பொறியியல் அறிவு இல்லாமையை இதற்குக் காரணமாகக் கூற முடியாது; தூணின் அளவையும் மண்ணின் தாங்குதிறனையும் சரிபார்க்கப் பொறுமையுள்ள பணம் ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

இடிந்து விழாமல் உறுதியாக நிற்கிற கட்டடத்துக்கும் அன்றாடச் சுமை உண்டு. நகர்ப்புறக் குடிநீர் வழங்கலுக்கான மத்திய அரசின் அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 100 வீடுகளுக்கு 54,000 லிட்டர் தேவை. குழாய்த் தண்ணீர் போதாத நாட்களில் 12,000 லிட்டர் லாரிகள் நாள்தோறும் நான்கைந்து வர வேண்டும், அவை வந்து திரும்பச் சாலை வேண்டும், வந்த நீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறப் பாதாளச் சாக்கடையோ வளாகத்துக்குள் சுத்திகரிப்பு நிலையமோ வேண்டும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி அருகிலேயே இருந்தும் இந்த நிலை மாறுவதில்லை. ஏரி நகரத்துக்குக் குடிநீர் தருகிறது; பக்கத்து அடுக்ககத்தின் குழாயோ தனிக்கதை.

முப்பது ஆண்டுகள் கழித்து லிஃப்ட் தேய்ந்து, கம்பி துருப்பிடித்து, வெளிச்சுவர் உதிரத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பது இன்னும் பெரிய கேள்வி. கட்டுநர் சாவியை ஒப்படைத்ததோடு விலகிவிடுகிறார். வங்கியின் உறவு கடைசித் தவணையோடு முடிகிறது. அரசு பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணத்தை ஒரே தடவை வாங்கிக்கொள்கிறது. எஞ்சுவது குடியிருப்போர் நலச்சங்கம் மட்டுமே. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழிவிட்டிருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடத்தில் இது நடக்கக்கூடியதே, ஏனெனில் பழைய குறியீட்டுக்கும் புதிய குறியீட்டுக்கும் இடையிலுள்ள கூடுதல் பரப்பை விற்றுச் செலவை ஈடுகட்டலாம். அனுமதிக்கப்பட்ட பரப்பு முழுவதையும் ஏற்கெனவே கட்டித் தீர்த்துவிட்ட இருபது மாடியில், பல நூறு உரிமையாளர்கள் மறுகட்டுமானச் செலவைத் தங்கள் கையிலிருந்தே போட வேண்டிவரும்.

எனவே குமணன்சாவடியில் எழும் ஒரு கோபுரத்தை மதிப்பிட வேண்டிய அளவுகோல் அதன் உயரமோ மெட்ரோ நிலையத்துக்கும் அதற்கும் உள்ள தூரமோ அன்று. எதிர்காலப் பராமரிப்புக்காகச் சங்கத்தின் கையில் ஒப்படைக்கப்படும் கார்ப்பஸ் நிதி எவ்வளவு, பிரீமியமாக அரசு வாங்கிய தொகையில் எவ்வளவு அதே தெருவின் குழாய்க்கும் சாக்கடைக்கும் திரும்பி வந்தது என்ற இரண்டு எண்களே அது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நீண்ட காலம் காத்திருப்பது தொழில். தனிக் குடும்பங்களிடம் அந்தக் காத்திருப்பை ஒப்படைக்கிற நகரம், அதற்குரிய சேமிப்பையும் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் இன்றி, தனிக் கட்டுநரும் இன்றி, அரசே அடுக்ககங்களைக் கட்டிக் குலுக்கல் முறையில் வழங்கிய அடிஸ் அபாபாவின் அனுபவம் அடுத்த பகுதியில் இடம்பெறும்.

(தொடரும்)