இல்லறமும் ஆசிரியத் தொழிலும்: பேராசிரியர் மாக்ஸ் பிளாங்கின் வாழ்வு

நல்லாசிரியனின் இலக்கணங் கூறப்புகுந்த பவணந்தி முனிவர், நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் அவனுக்கு உவமையாகக் காட்டினார். நன்னூலின் இப்பகுதியை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். மாணவரும் மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். ஆயின், நிலத்தின் பொறையும், மலையின் அசையாமையும், நிறைகோலின் நடுநிலையும், மலரின் இனிமையும் ஒருவர் வாழ்விலே எவ்வாறு ஒருங்கு கூடும் என்பதைச் சூத்திரத்தால் மட்டும் அறிதல் அரிது. வாழ்ந்த ஒருவரைக் கொண்டே அறிதல் வேண்டும். அதன் பொருட்டு, ஜேர்மனி தேசத்துப் பௌதிகவியற் பேராசிரியர் மாக்ஸ் பிளாங்கை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். விஞ்ஞான உலகம் அவரைப் புதுநெறி கண்ட மேதையாகப் போற்றும். நாம் அவரை ஓர் ஆசிரியராகவும் ஒரு குடும்பத்தின் தலைவராகவும் நோக்குவோம்.

பிளாங்க் 1858 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 23 ஆந் திகதி கீல் நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். பாட்டனாரும் பூட்டனாரும் சமயநூற் பேராசிரியர்கள். எனவே கற்பித்தல் அவருக்குக் குலதனம் எனலாம். மியூனிச் நகரப் பள்ளியில் ஹேர்மன் மியூலர் என்னும் ஆசிரியர் அவருக்குச் சக்திக் காப்பு விதியைப் படிப்பித்தார். கொத்தன் ஒருவன் பாரமான கல்லொன்றை வருந்திச் சுமந்து கூரையில் ஏற்றுகின்றான். அவன் செலவிட்ட சக்தி அழிந்துவிடவில்லை. ஆண்டுகள் பல கழிந்து ஒருநாள் அக்கல் உருண்டு விழும்வரை அஃது அங்கேயே ஒடுங்கிக் கிடக்கின்றது. இவ்வுதாரணத்தைப் பிளாங்க் தமது முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் மறவாது குறித்துள்ளார். ஒரு பள்ளி ஆசிரியரின் எளிய உதாரணம் ஒரு மாணவனின் உள்ளத்தில் எத்தனை ஆண்டு வாழும் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சர்வகலாசாலையிற் பௌதிகவியல் கற்க விழைந்தபோது, அத்துறையிற் கண்டறிய இனி அதிகம் இல்லை என்று பேராசிரியர் யொலி அவரைத் தடுத்தார். புதியன காண்பதன்று, உள்ளவற்றின் அடிப்படையை விளங்கிக்கொள்வதே தமது நோக்கம் என்று பிளாங்க் விடை பகர்ந்தார். 1879 இற் கலாநிதிப் பட்டமும், மறுவருடம் விரிவுரையாற்றும் உரிமையும் பெற்றார். அக்கால ஜேர்மனியில் இவ்வுரிமை பெற்றவருக்குச் சம்பளம் கிடையாது. மாணவர் செலுத்தும் சிறு கட்டணமே வருவாய். ஐந்தாண்டுகள் அவர் பெற்றோரின் இல்லத்திலேயே தங்கிக் கற்பித்தார். 1885 இல் கீல் சர்வகலாசாலையில் ஊதியத்தோடு பதவி கிடைத்த பின்னரே, 1887 இல் மரீ மேர்க் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்குக் கார்ள், இரட்டைப் பெண்களாகிய எம்மா, கிறேற்றே, இளையவன் எர்வின் என நான்கு மக்கள் பிறந்தனர்.

1889 இற் பேர்லின் சர்வகலாசாலை அவரை அழைத்தது. 1926 இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே கற்பித்தார். இயக்கவியல், மின்னியல், ஒளியியல், வெப்பவியல் முதலிய பகுதிகளை ஒழுங்குமுறையாகப் பல பருவங்களில் முற்றுவித்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குவார். குறிப்புத் தாளின்றி, தடுமாற்றமின்றிப் பேசுவார். இடமின்மையாற் பலர் நின்றுகொண்டே கேட்பர் என்று அவர்பாற் கற்றோர் எழுதியுள்ளனர். சூடேறிய பொருளின் கதிர்வீச்சைக் கணிக்குமிடத்து, சக்தியை இடையறாத ஒழுக்காகக் கொள்ளாது, சொட்டுச் சொட்டான சிறு கூறுகளாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்தை 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 14 ஆந் திகதி அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 42. கற்பிக்கத் தொடங்கி 20 ஆண்டுகள் கழிந்திருந்தன. சொட்டுக் கொள்கை என்று நம் மாணவர் இன்று கற்பது இதன்வழி வந்ததே. 1918 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு இதன் பொருட்டு அவருக்கு அளிக்கப்பட்டது. அவர்பால் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுள் மாக்ஸ் வொன் லவே 1914 இலும், வால்ற்றர் போதே 1954 இலும் அப்பரிசினைப் பெற்றனர்.

இனி நிறைகோலைப் பார்ப்போம். பெண்கள் சர்வகலாசாலையிற் கற்றல் விதிவிலக்காகவே இருத்தல் வேண்டும் என்பது 1897 இல் அவர் எழுத்தில் வெளியிட்ட கருத்து. 1907 இல் வியன்னாவிலிருந்து லீஸே மைற்னர் என்னும் பெண் கலாநிதி வந்து வகுப்பிற் சேர அனுமதி வேண்டினார். பட்டம் பெற்றபின்னும் என்ன வேண்டும் என்று பிளாங்க் வியந்து வினவினாராயினும், அனுமதி மறுக்கவில்லை. அவருடைய திறமையைக் கண்ட பின் 1912 இல் தம் உதவியாளராகவே நியமித்தார். இட்ட பொருளின் பாரத்திற்கேற்பச் சாய்வதே நிறைகோலின் நேர்மை. முன்கொண்ட கருத்து கண்முன் நின்ற உண்மையைத் தடுக்க அவர் இடங்கொடுக்கவில்லை.

மலரின் இனிமை அவர் இல்லத்தில் விளங்கிற்று. பேர்லினின் குறூனவால்ட் பகுதியிலிருந்த அவ்வீட்டுக்கு மாணவர் அழைக்கப்படுவர். கோடையில் தோட்டத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவர். வகுப்பிற் கண்டிப்பான பேராசிரியரும் உடன் ஓடுவார். ஒருவரைப் பிடித்துவிட்டாற் குழந்தைபோல் மகிழ்வார் என்று மைற்னர் நினைவுகூர்ந்துள்ளார். பிளாங்க் பியானோ வாசிக்க, ஐன்ஸ்ரைன் வயலினும் எர்வின் செலோவும் இசைத்த மாலைகளும் உண்டு. ஆசிரியரின் பாடத்தை வகுப்பிற் கேட்ட மாணவர் அவர் வாழ்வை வீட்டிற் கண்டனர்.

அவ்வீட்டின்மேல் துயரம் அடுத்தடுத்து விழுந்தது. 1909 இல் மனைவி மறைந்தார். 1911 இல் மார்கா என்பாரை மறுமணஞ் செய்தார். ஹேர்மன் என்னும் மகன் பிறந்தான். 1916 இல் மூத்த மகன் கார்ள் வேர்டன் போர்க்களத்திற் பட்ட காயத்தால் இறந்தான். உயிரோடிருந்தபோது அவனுடைய அருமையைத் தாம் உணரவில்லையே என்று தந்தை வருந்தினார். ஊராரின் பிள்ளைகளை உய்த்துணரும் ஆசிரியர் யாவரும் எண்ணிப்பார்க்கவேண்டிய வருத்தம் இது. 1917 இல் கிறேற்றே மகப்பேற்றின் பின் இறந்தாள். குழந்தையைப் பேண வந்த எம்மா அதன் தந்தையையே மணந்து, 1919 இல் அவளும் மகப்பேற்றில் மடிந்தாள். இரு குழந்தைகளும் பிழைத்தன. இத்தனைக்கும் பின்னரும் பிளாங்க் விரிவுரை மண்டபத்தை விட்டு நீங்கவில்லை. வேலை துயரத்தை அகற்றாது; துயரத்தைத் தாங்கி நிற்க ஓர் ஊன்றுகோலாகும். நிலத்தின் பொறை என்பது இதுவே.

எனினும், கடமையுணர்ச்சி ஒன்றே எல்லாக் காலத்துக்கும் போதுமா என்னும் வினாவையும் அவர் வாழ்வு எழுப்புகின்றது. 1933 இல் ஹிட்லர் ஆட்சி யூத அறிஞரைப் பதவிநீக்கியபோது, கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் தலைவராயிருந்த பிளாங்க் நேரிற் சென்று விஞ்ஞானி ஹாபருக்காகப் பரிந்து பேசினார், பயன் விளையவில்லை. ஆயினும் பகிரங்கமாக எதிர்க்காது, பதவியில் நின்று இயன்றதைக் காப்போம் என்றிருந்தார். இதனைக் குறைகூறுவோர் உளர், அக்குறை நியாயமற்றதன்று. அதே பிளாங்க், 1935 இல் அரசின் தடையையும் பொருட்படுத்தாது ஹாபருக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார் என்பதையும் உடன்வைத்தே நிறுத்தல் வேண்டும்.

1944 பெப்ரவரியிற் குண்டுவீச்சால் அவர் வீடும் நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. அவ்வாண்டு யூலை 20 இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியிற் சம்பந்தப்பட்டவரென எர்வின் கைதுசெய்யப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டார். மகனாக மாத்திரமன்றி உற்ற நண்பராகவும் விளங்கியவர் அவர். 86 வயதுத் தந்தை ஹிட்லருக்குக் கடிதமெழுதி மகனின் உயிரை இரந்தார். தமக்கென எதுவும் வேண்டாதவர் மகனுக்காகத் தாழ்ந்து நின்றார். 1945 ஜனவரி 23 இல் தண்டனை நிறைவேறிற்று.

போர் முடிந்தபின், தளர்ந்த உடலோடும் அவர் மீண்டும் விரிவுரையாற்றினார். 1946 இல் நியூட்டன் நினைவு விழாவுக்காக இலண்டன் சென்றார். 1947 ஒக்டோபர் 4 இற் கோற்றிங்கன் நகரிற் காலமானார். கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் வழிவந்த ஆராய்ச்சிக் கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பவணந்தியார் மலையை உவமித்தது, மழை பெய்யாத காலத்தும் அது வளந் தருதலாலுமாம். பிளாங்கின் வாழ்வில் மழை பொய்த்த ஆண்டுகளே பல; அவ்வாண்டுகளிலும் அவர்பாற் சென்றவர் வெறுங்கையோடு மீளவில்லை. கல்லூரியின் விழாக்காலத்திற் பழைய மாணவர் ஒன்றுகூடித் தம் ஆசிரியரைப் பற்றிப் பேசுமிடத்து, அவர் பெற்ற பட்டங்களைக் காட்டிலும் அவர் காட்டிய பொறுமையையும், தந்த ஓர் உதாரணத்தையும், வீட்டுக்கு அழைத்து அளித்த உணவையுமே பெரிதும் பேசுகின்றனர். அவ்வழக்கம் நன்று. உயிரோடிருக்கும் ஆசிரியரைக் கண்டு அதனை நேரிற் சொல்லுதல் அதனினும் நன்று.